ஐந்து விழுக்காடு யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் திருச்சியில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 97 விழுக்காடு, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1520, கணித ஒலிம்பியாடில் வட்டாரச் சுற்று வரை எழுதியிருக்கிறாள். எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிதம் படிக்க விரும்புகிறாள். எங்களால் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. ஒரு சேர்க்கை ஆலோசகர், "ஓர் இடத்தில் வாய்ப்பு 5 விழுக்காடு என்றாலும், 20 இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஏதேனும் ஒன்றில் கிடைக்க 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு" என்று கணக்குப் போட்டுக் காட்டி, அதற்கான சேவைக்கு நான்கு லட்சம் கேட்கிறார். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. நம்பலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை)

அன்புள்ள நண்பருக்கு,

ஆலோசகர் பெருக்கியதில் பிழை இல்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட 5 விழுக்காடு உங்கள் மகளுக்கு உரியதல்ல. அதை இருபது முறை பெருக்குவதற்கும் இங்கே இடமில்லை.

நம் ஊர்ச் சேர்க்கைமுறையில் பழகிய பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடாது. பொறியியல் கலந்தாய்வில் 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று தெரிந்தால், சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்துக் கிண்டியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஐ.ஐ.டி.க்கும் அப்படியே, முந்தைய ஆண்டில் கடைசியாக இடம்பெற்ற ரேங்க் நம் கையில் இருக்கிறது. அவரவர் ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் மதிப்பெண் ஒன்றே வரிசையைத் தீர்மானிப்பதால் அந்தக் கணிப்பு முடிகிறது. நீங்கள் குறிப்பிடும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு வரிசையே கிடையாது.

ஹார்வர்டின் சேர்க்கைமுறையை எதிர்த்து நடந்த வழக்கு, 2018இல் விசாரணைக்கு வந்து 2023இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதில் வெளிவந்த விவரங்கள் உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றன. ஓர் ஆண்டில் அங்கே விண்ணப்பித்த சுமார் 26,000 உள்நாட்டு மாணவர்களில் 3,500 பேர் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள். பள்ளி மதிப்பெண்ணில் முழுமை பெற்றவர்கள் 8,000க்கும் மேல். வழங்கக்கூடிய இடங்களோ ஏறத்தாழ 2,000. ஆகவே படிப்பு, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, ஆளுமை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரமிட்டு, இறுதியில் நாற்பது பேர் கொண்ட ஒரு குழு விவாதித்து வாக்களித்து முடிவெடுக்கிறது. இத்தனை முழு மதிப்பெண்காரர்களுக்கு நடுவே மதிப்பெண் ஒரு வாசலைக் கடக்க உதவுகிறது; அதற்கு அப்பால் அது பேசுவது குறைவு. உங்கள் மகளின் 1520 அந்த வாசலைக் கடந்த எண்தான், ஏனெனில் இத்தகைய இடங்களில் சேர்ந்தவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பாதிப் பேரின் மதிப்பெண் ஏறத்தாழ 1500க்கும் 1580க்கும் இடையில் அமைகிறது. அதை 1560 ஆக்குவதற்கு இன்னும் ஓர் ஆண்டைச் செலவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்த 5 விழுக்காட்டுக்கு வருவோம். 2024இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர், அனுமதி பெற்றவர்கள் 1,937 பேர், அதாவது 3.6 விழுக்காடு. இது எல்லோரையும் கலந்து எடுத்த சராசரி. பல்கலைக்கழகமே தேடிச் சேர்க்கும் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களோடு தொடர்புடையவர்கள், அங்கே பணிபுரிபவர்களின் பிள்ளைகள் ஆகியோரும் இதற்குள் அடக்கம். வழக்கின் தரவுகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், அனுமதி பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டினர் இந்த நான்கு வகைகளுக்குள் வருபவர்கள் என்று கண்டார்கள். இவற்றுள் எதிலும் சேராத ஒருவருக்கு உண்மையான விகிதம் அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்க முடியும். முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதைக் கணக்கில் எடுக்காத எம்.ஐ.டி.யிலும் நிலைமை எளிதல்ல. அது வெளிநாட்டு மாணவர்களின் கணக்கைத் தனியாகவே வெளியிடுகிறது. அவர்களுக்கான விகிதம் உள்நாட்டு மாணவர்களுக்கானதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. மேலும் கணிதம் படிக்க விரும்பி அங்கே விண்ணப்பிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடையே சர்வதேச ஒலிம்பியாடில் பதக்கம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். வட்டாரச் சுற்றை எழுதியது நல்ல தகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அது ஒருவரைத் தனித்துக் காட்டாது என்பதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

இருபது முறை பெருக்கும் கணக்கு, முன்பு விழுந்தது எதுவென்று அறியாமல் உருளும் தாயக்கட்டைக்குப் பொருந்தும். உங்கள் மகளின் விண்ணப்பமோ ஒரே கோப்பு. அதே மதிப்பெண், அதே ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், அதே ஈடுபாடுகள், அதே முதன்மைக் கட்டுரை ஆகியவற்றை ஏறத்தாழ ஒரே விதமான பார்வையுடைய இருபது அலுவலகங்கள் படிக்கின்றன. ஓரிடத்தில் எடுபடாதது மற்ற இடங்களிலும் எடுபடாமல் போகவே சாத்தியம் அதிகம். ஒரே மாணவருக்கு ஐந்தாறு பெரிய பல்கலைக்கழகங்களில் ஒருசேர இடம் கிடைத்ததாக நாளிதழ்களில் நாம் படிக்கும் செய்தியும் இதன் மறுபக்கமே. அதிக இடங்களுக்கு விண்ணப்பித்தால் வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மைதான், ஆனால் 64 அல்ல, அதன் அருகில்கூட அல்ல. தவிர, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தமக்கென்று தனிக் கட்டுரைகளையும் கேட்கின்றன. ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை இருபது இடங்களுக்கும் மனமொன்றி எழுதுவது நடக்கிற காரியமல்ல.

ஆலோசகர் பேசாமல் விட்டதாகத் தோன்றும் விஷயம் பணம். இந்தப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற வெகுசில இடங்கள் மட்டுமே, வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்காமல், அனுமதித்த பின் குடும்பத்தின் வருமானத்துக்கேற்பத் தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா உள்ளிட்ட மற்ற பெரிய இடங்களில் வெளிநாட்டவர் உதவி கேட்பதே முடிவைப் பாதிக்கும். கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். பல இடங்களில் விண்ணப்பத்தின்போது கேட்காதவர் நான்காண்டும் கேட்க முடியாது என்பதே விதி. பத்து லட்சம் என்ற உங்கள் வரம்பை வைத்துப் பார்த்தால், ஆலோசகரின் இருபதில் பாதிக்கு மேல் சேர்க்கை கிடைத்தாலும் சேர முடியாத இடங்களாகவே இருக்கும்.

அதனால் பட்டியலைக் கீழிருந்து தொடங்குங்கள். இடமும் கிடைத்து, செலவும் தாங்கி, மகள் விருப்பத்தோடு படிக்கக்கூடிய இடம் எது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கணிதம்தான் என்றால், சென்னையை அடுத்த சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தை எந்த வெளிநாட்டுப் பெயருக்கும் அடுத்தபடியாக நான் வைக்க மாட்டேன். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் அத்தகையதே. இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஒலிம்பியாடுக்காக மகள் செய்த பயிற்சி அங்கே நேரடியாகப் பயன்படும். அதன் மேல், நிதியுதவி கேட்பதால் பாதிப்பு வராத அமெரிக்க இடங்களில் ஐந்தோ ஆறோ தேர்ந்து, அவற்றுக்கு மட்டும் முழு மனத்தோடு விண்ணப்பிக்கட்டும். முன்கூட்டியே விண்ணப்பித்து முடிவு பெறும் சுற்றில் அனுமதி விகிதம் அதிகம் என்று யாரேனும் காட்டினால், தேடிச் சேர்க்கப்படும் விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் வருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு லட்சம் கொடுக்குமுன் ஆலோசகரிடம் ஒன்று கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அவரிடம் வந்த மாணவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் நிதியுதவியோடு இத்தகைய இடங்களில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சுவரில் மாட்டிய வெற்றியாளர் படங்களை அதற்குப் பதிலாக ஏற்க வேண்டாம். முழு எண்ணிக்கை கிடைக்காவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகங்களின் இணையதளங்களிலேயே தேவையான விவரங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அமெரிக்க முடிவுகள் மார்ச் மாதத்தில் வந்துவிடும். சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதத்தில் நடக்கிறது. எந்த முடிவுக்கும் காத்திராமல், பதிவு தொடங்கியவுடன் மகளின் பெயரை அதில் பதிந்துவிடுங்கள்.

அன்புடன்.