மெக்னீசியத்தைவிட அலுமினியம் ஏன் எளிதில் எலக்ட்ரானை இழக்கிறது?

தனிம அட்டவணையின் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல்) கூடும் என்றால், மெக்னீசியத்தில் மோலுக்கு 738 கிலோஜூலாக இருப்பது அலுமினியத்தில் 578 ஆகக் குறைவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் இவ்விரண்டின் தாதுக்களும் அண்டை வீட்டார்: அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்ற மேக்னசைட், மேலே சேர்வராயன் மலையில் செம்பழுப்புப் பாக்சைட்.

மெக்னீசியத்திலிருந்து அலுமினியத்துக்கு வரும்போது அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுவதால் ஈர்ப்பு வலுத்து, உலோக ஆரம் 160 பிக்கோமீட்டரிலிருந்து 143 ஆகச் சுருங்குகிறது. அந்தப் போக்கு மாறவில்லை. ஆனால் மெக்னீசியம் இழக்கும் எலக்ட்ரான், முழுதும் நிரம்பிய 3எஸ் ஆர்பிட்டாலைச் (எலக்ட்ரான் இருக்கும் பகுதி) சேர்ந்தது. அலுமினியத்தின் 13-ஆவது எலக்ட்ரானோ ஆற்றல் கூடிய 3பி ஆர்பிட்டாலில் தனித்து நின்று, 3எஸ் எலக்ட்ரான் இணையாலும் அணுக்கருவின் ஈர்ப்பிலிருந்து ஓரளவு மறைக்கப்படுவதால், எளிதில் பிரிந்துவிடுகிறது. எலக்ட்ரான் அமைப்பை எழுதிப் பார்த்தால் இது உடனே விளங்கும். பாஸ்பரஸை அடுத்த கந்தகத்திலும் இத்தகைய சரிவு உண்டு. அங்கே காரணம், ஒரே ஆர்பிட்டாலில் இணையும் இரு எலக்ட்ரான்களின் விலக்கம்.