சாம்பியன் அணிக்கு இரண்டே வெற்றியா?

கேள்வி: வினாடி வினாவுக்காக இந்தியக் கால்பந்து அணியின் சர்வதேசக் கணக்கைத் தொகுக்கிறேன். 2023 தெற்காசியக் கோப்பையில் இந்தியாவுக்கு 4 வெற்றி என்கிறது ஒரு பட்டியல், 2 என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: இரண்டுதான். பெங்களூரில் நடந்த அந்தத் தொடரில் பாகிஸ்தானை 4-0, நேபாளத்தை 2-0 என வென்றோம். லீக்கில் குவைத்துடன் 1-1. அரையிறுதியில் லெபனானுடன் 0-0, இறுதியில் மறுபடி குவைத்துடன் 1-1. கடைசி இரண்டும் பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போய் 4-2, 5-4 என நமக்குச் சாதகமாக முடிந்தன. கோப்பை யாருக்கு என்று தீர்ப்பதோடு ஷூட் அவுட்டின் வேலை முடிந்தது. பதிவேட்டில் ஆட்டம் டிராதான். ஆக ஆட்டம் 5, வெற்றி 2, டிரா 3, அடித்தது 8, வாங்கியது 2. ஷூட் அவுட் கோல்களைச் சேர்த்து 17 என்று போட்டுவிடாதீர்கள். ஆனால் கூடுதல் நேரத்தில் விழும் கோல் கணக்கில் வரும். ஷூட் அவுட் ஸ்கோருக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

பிபா தரவரிசைக் கணக்கு வேறு. 2018 முதல் வெற்றிக்கு மதிப்பு 1, டிராவுக்கு 0.5, ஷூட் அவுட்டில் வென்ற அணிக்கு 0.75, தோற்ற அணிக்கு 0.5. அங்கிருந்து வெற்றி எண்ணிக்கையை எடுக்க முடியாது.

கோல் அடித்தவர்களைக் கூட்டினால் அணியின் மொத்தம் சில நேரம் இடிக்கும். காரணம் சேம் சைட் கோல். லீக்கில் குவைத்துக்குக் கிடைத்த அந்த ஒரு கோல் நம் அன்வர் அலியின் காலில் பட்டு உள்ளே போனது. குவைத் வீரர் எவர் பெயரிலும் அது ஏறாது.

பலர் வழுக்குவது ஆசிய விளையாட்டில்தான். 1951, 1962 தங்கங்கள் சீனியர் அணி வாங்கியவை, சேரும். 2002 முதல் அது பொதுவாக 23 வயதுக்குட்பட்டோர் போட்டி. வயது மீறிய மூவருக்கு மட்டும் இடம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வங்கதேசத்துக்கு எதிராக சுனில் சேத்ரி அடித்த பெனால்டி அதனால்தான் அவர் கணக்கில் இல்லை. 2024 ஜூனில் விடைபெற்றபோது சொன்ன 94 கோல்களிலும் அது கிடையாது.

ஒலிம்பிக்கில் 1992 முதல் இதே வயது வரம்பு. அதற்கு முந்தியவற்றில், 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்திய நெவில் டிசோசாவின் ஹாட்ரிக் உட்பட, எதைச் சேர்ப்பது என்ற விதி பட்டியலுக்குப் பட்டியல் மாறும். எந்த விதியைப் பின்பற்றினீர்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். மேடையில் சண்டை வந்தால் காட்டலாம்.