மதுரை ஓட்டல் தளங்களில் உள்ள ஜேசன்-எல்டி தகவலை பைத்தானில் முழுசாக எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது: மதுரை ஓட்டல், மெஸ் தளங்களில் இருந்து பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் மூன்றும் வேண்டும். அவை ஜேசன்-எல்டியாக, அதாவது தேடுபொறிகள் படிப்பதற்காகப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் டேகுக்குள் வைக்கும் கட்டமைத்த தகவலாக இருக்கின்றன. அந்த ஸ்கிரிப்ட் டேகை ரெகெக்ஸால் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதியால்) பிடித்து ஜேசனாகப் படிக்கிறீர்கள். சில தளங்களில் பிழை, சிலவற்றில் முகவரி காலி, ஒரே கடை இரண்டு முறை வருகிறது.

இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் பிழை. ரெகெக்ஸை விட்டுவிட்டு எச்டிஎம்எல்லை அலசும் எல்எக்ஸ்எம்எல் பார்சரில் போடுங்கள். டைப் 'அப்ளிகேஷன்/எல்டி+ஜேசன்' என்று உள்ள எல்லா ஸ்கிரிப்ட் டேகுகளையும் எடுக்க வேண்டும். முதலாவதோடு நிறுத்தக் கூடாது. தீம் ஒன்று போடும், எஸ்இஓ பிளகின் இன்னொன்று போடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ட்ரை-எக்ஸெப்ட் வையுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். 'இன்வேலிட் கன்ட்ரோல் கேரக்டர்' என்று திட்டினால், யாரோ முகவரியை 'மேல மாசி வீதி' என்று எழுதி என்டர் தட்டி, அடுத்த வரியில் 'மதுரை 625001' என்று போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேற்கோளுக்குள் வரி உடைவது ஜேசனில் செல்லாது. ஜேசனைப் படிக்கும் லோட்ஸ் அழைப்பில் ஸ்ட்ரிக்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அது உள்ளே வந்துவிடும். கடைசி உறுப்புக்குப் பின் தொங்கும் காற்புள்ளியை மட்டும் அது மன்னிக்காது, அதைத் தனியாக நீக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் டேகுக்குள் இருக்கும் எச்டிஎம்எல் என்டிட்டிகளை (சிறப்புக் குறிகளுக்கான மாற்றெழுத்துகளை) பார்சர் அவிழ்க்காது. அதனால் பெயரில் '&' வர வேண்டிய இடத்தில் '&' என்ற அதன் என்டிட்டி வடிவமே அப்படியே நிற்கும். அன்எஸ்கேப் செய்யுங்கள், ஆனால் ஜேசனைப் படித்த பிறகு, ஒவ்வொரு மதிப்புக்கும். முன்னாலேயே செய்தால் மேற்கோள் குறிக்கான என்டிட்டி நிஜ மேற்கோளாகி, நல்ல ஜேசனும் உடையும்.

தமிழ்ப் பெயரில் ® குறி வரிசையாக வந்தால் அது என்கோடிங் கோளாறு. சர்வர் கேரக்டர் செட்டைச் சொல்லாவிட்டால், பக்கத்தை இறக்கும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் டெக்ஸ்ட் அதை லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். டெக்ஸ்டைத் தொடாமல், கன்டென்ட் தரும் மூல பைட்டுகளைக் கொடுத்து, யுடிஎஃப்-8 என்று பார்சருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி காலி முகவரி. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜேசன்-எல்டி பார்க்க மரம் மாதிரி இருக்கும், உண்மையில் அது வலை. வேர்ட்பிரஸ் பிளகின்கள் @கிராஃப் என்ற ஒரே பட்டியலில் பக்கம், தளம், நிறுவனம் எல்லாவற்றையும் தனித்தனி முடிச்சாக (நோடாக) போட்டு, ஒன்றுக்கொன்று @ஐடி மூலம் கை காட்டும். 'அட்ரஸ்' என்ற இடத்தில் முகவரி இருக்காது, வெறும் @ஐடி இருக்கும். எனவே இரண்டு சுற்று: முதல் சுற்றில் எல்லாத் துண்டுகளிலும் உள்ள முடிச்சுகளை @ஐடி-யைச் சாவியாக வைத்து ஒரே டிக்ஷ்னரியில் சேருங்கள், அடுத்த சுற்றில் கைகாட்டிகளை அந்த முடிச்சுகளால் நிரப்புங்கள். '#ஆர்கனைசேஷன்' போன்ற அரைகுறை ஐடிகளைப் பக்க முகவரியோடு ஒட்டிய பிறகே சாவியாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு ஓட்டலின் முகவரி இன்னொன்றின் தலையில் ஏறும்.

முடிச்சு என்ன வகை என்று சொல்லும் @டைப் சில இடத்தில் சொல், சில இடத்தில் பட்டியல். முகவரியும் சில இடத்தில் வெறும் எழுத்துச் சரம் (ஸ்ட்ரிங்). இரண்டையும் தாங்கும்படி எழுதுங்கள்.

இதே தகவலை மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ என்ற வேறு வடிவங்களில் தரும் தளங்களும் கலந்திருந்தால் எக்ஸ்ட்ரக்ட் என்ற லைப்ரரி போதும். அதில் எர்ரர்ஸ் என்பதை 'லாக்' என்று மாற்றாவிட்டால் ஒரு கெட்ட துண்டுக்காக முழுப் பக்கத்தையும் கைவிடும். பிரவுசரின் இன்ஸ்பெக்டில் தெரிவது வியூ சோர்ஸில் இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் சேர்க்கிறது. அந்தத் தளங்களுக்கு மட்டும், பிரவுசரையே இயக்கிப் பக்கத்தைத் திறக்கும் பிளேரைட்.

இரட்டைப் பதிவு. தகவல் வகைகளை வரையறுக்கும் ஸ்கீமா.ஆர்க் தளத்தின் முகவரியை எச்டிடிபி என்று ஒருவர், எச்டிடிபிஎஸ் என்று ஒருவர் எழுதுவார்; கணினிக்கு அவை இரு வேறு வகை. ஒன்றாக்குங்கள். தமிழுக்கே உரிய வம்பு ஒன்றும் உண்டு: 'கோரிப்பாளையம்' என்பதில் 'கோ'வை ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் ஃபால்ஸ். ஒப்பிடும் முன் யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி (எழுத்துகளை ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவரும் முறை) நார்மலைஸ் செய்யுங்கள்.

கடைசியாக நேரம். இரவுப் பரோட்டாக் கடைக்கு ஓபன்ஸ் 18:00, குளோசஸ் 01:00 என்று வரும். மூடும் நேரம் சிறியது என்பதற்காகத் தவறான தரவு என்று கழித்துவிடாதீர்கள். ஸ்கீமா.ஆர்க் விதிப்படி அது மறுநாள் அதிகாலை. மூடும் நேரத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தூங்கா நகரத்தில் இந்த வரி இல்லாத நிரல், நள்ளிரவுக் கடைகளை விழுங்கிவிடும்.