தஞ்சாவூர் பக்கம் கிராமத்துச் சின்ன கத்தோலிக்கப் பள்ளியில் மகனைச் சேர்க்கலாமா? அங்கே விளையாட்டுக்கு இடம் இருக்குமா?

உங்கள் மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், ஓட்டத்தில் ஆசை உள்ளவன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பக்கத்தில் பத்தாவது வரை மட்டும் உள்ள கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. பஸ் ஏறிப் போனால் டவுனில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளி. எது என்று கேட்கிறீர்கள்.

பக்கத்துப் பள்ளியிலேயே சேருங்கள். வெண்ணாற்றுப் பாசனத்தில், வயலுக்கு நடுவே கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கிற அப்படியொரு பள்ளியில் ஆறிலிருந்து பத்து வரை படித்தவன் நான். சின்னப் பள்ளியில் வேடிக்கை பார்க்க ஆள் மிஞ்சாது. எல்லாரும் ஆடியாக வேண்டும். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கபடி அணிக்கு 12 பேர் வேண்டும், களத்தில் 7 பேர். கோ-கோவுக்கும் 12 பேர், களத்தில் 9 பேர். வாலிபாலுக்குக் களத்தில் 6 பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள். அதற்கு மேல் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், ரிலே. எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரே செக்‌ஷன், அதிலும் பாதி பெண் பிள்ளைகள். 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என்று இரண்டு பிரிவுக்கும் அணி தேற்றுவதற்குள் பி.டி. சாருக்குக் கடைசி பெஞ்சுப் பையன் வரை தேவைப்படுவான். "எனக்கு விளையாட வராது சார்" என்று எவனாவது சொன்னால், "வராட்டி என்னடா, நிக்க வரும்ல? வா" என்பார். அப்படி நிற்க வந்தவன்தான் எங்கள் கபடி அணியின் வலது கார்னர், அதாவது வலது ஓரத்தில் நின்று பிடிக்கிறவன். ஒல்லியான பையன், ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். நாற்றுக்கட்டு தூக்கிப் பழகிய கை. கணுக்காலைப் பிடித்தானென்றால் ரெய்டு வந்தவனால் கோட்டைத் தொட முடியாது. பெரிய பள்ளித் தேர்வில் அவனை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறுவட்டப் போட்டி (சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் முதல் கட்டப் போட்டி) நாளில் நாங்கள் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். நீளம் தாண்டி முடித்தவன் மணலைத் தட்டிக்கொண்டே கபடிக் களத்துக்கு ஓடுவான். கபடி முடிந்ததும் ரிலே. எதிர்ப் பள்ளிக்காரர்கள் ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு அணியோடு வருவார்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அதே முகங்கள். கோப்பைகள் அதிகம் வரவில்லைதான். ஆனால் பத்தாவது முடித்து வெளியே போன ஒவ்வொருவனும் ஏதோ ஓர் ஆட்டத்தில் பள்ளிக்காகக் களம் இறங்கியவன்.

டெல்டாவில் கத்தோலிக்கக் கல்வி நேற்று வந்ததல்ல. திருச்சி தூய வளனார் கல்லூரியே 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல்தான் திருச்சிக்குப் போனது. கும்பகோணம் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபை வட்டாரம்) 1899இலும் தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952இலும் உருவாயின. கோயில் கட்டிய இடத்தில் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் கட்டிய இடத்தில் மைதானம் என்று வந்ததால், இந்தச் சின்னப் பள்ளிகளில் வகுப்பறைக்குத் தட்டுப்பாடு இருந்தாலும் ஓடுவதற்கு நிலம் இருக்கும். இன்றைக்கு டவுனில் பணம் கொடுத்தாலும் கிடைக்காதது அது.

மதத்தைப் பற்றிக் கவலைப்பட்டுத் தயங்குகிறீர்களோ என்னவோ, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற வீட்டுப் பிள்ளை. வகுப்பில் பாதிக்கு மேல் எங்களைப் போல்தான்; கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி (அவர்கள் சமயப் பாடம்) வகுப்புக்குப் போகும்போது எங்களுக்கு நன்னெறி வகுப்பு. பகல் 12 மணிக்குக் கோயில் மணி அடித்தால் எல்லா வகுப்பும் எழுந்து நிற்கும். அவர்கள் மூவேளைச் செபம் சொல்வார்கள், நாங்கள் அமைதியாக நிற்போம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்குப் போகிற பையன்கள் திரும்பி வந்த பிறகுதான் பயிற்சி தொடங்கும். அவர்களில் ஒருவன்தான் எங்கள் ரிலேயில் கடைசி ஓட்டக்காரன், அவனை விட்டுவிட்டு ஆரம்பிக்கவும் முடியாது.

பள்ளியை நான்கு அணியாகப் பிரித்திருந்தார்கள். பெயரெல்லாம் புனிதர்கள் பெயர். சவேரியார் நீலம், சிறுமலர் தெரசா மஞ்சள், தொன் போஸ்கோ பச்சை, அருளானந்தர் சிவப்பு. அருளானந்தருக்கு ஏன் சிவப்பு என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். போர்ச்சுகலில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த அவர் 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்த மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நான் சிவப்பு அணி. விளையாட்டு விழா அன்றைக்கு, கையில் சாமி கயிறு கட்டிய பையன்கள் "அருளானந்தரே, துணை நில்லும்" என்று தொண்டை கிழியக் கத்துவோம். அதில் யாருக்கும் எந்த நெருடலும் இருந்ததில்லை.

விளையாட்டு விழா ஜனவரிக் கடைசியில் வரும். 31ஆம் தேதி தொன் போஸ்கோ திருநாள், அதையொட்டி வைப்பார்கள். வேறு மாதத்தில் வைக்கவும் வழியில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் எங்கள் களிமண் மைதானம் குளமாகக் கிடக்கும். அந்த மாதங்களில் கேரமும் சதுரங்கமும்தான். பொங்கலுக்குத்தான் தரை இறுகும்.

ட்ராக் போடுவது பத்தாம் வகுப்பின் உரிமை. வேறு யாரும் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. 400 மீட்டர் ட்ராக்குக்கு இடம் பற்றாது, 200 மீட்டர்தான். வளைவின் மையத்தில் முளைக்குச்சி அடித்து, சணல் கயிறு கட்டி, மறுமுனையில் ஆணியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அரைவட்டம் கீறிக்கொண்டே போவான். அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இன்னொருவன் அந்தக் கீறல் மேல் தட்டிக்கொண்டே வருவான். காற்று எதிர்த்து அடித்தால் முகமெல்லாம் வெள்ளை.

அதற்குப் பிறகுதான் பி.டி. சாரின் பாடம். ஒரு முழுச் சுற்று ஓடும்போது வெளி லேன்காரன் கூடுதல் தூரம் ஓடவேண்டி வரும், அதனால் அவனை முன்னால் நிறுத்தவேண்டும். எவ்வளவு முன்னால்? நாங்கள் அடி வைத்து அளக்கப் பார்ப்போம். அவர் குச்சியை எடுத்து மண்ணில் எழுதுவார். லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் தள்ளிப்போனால் ஆரம் 1.22 கூடுகிறது. அப்போது சுற்றளவு 2 × 22/7 × 1.22 கூடும், அதாவது 7.67 மீட்டர். இரண்டாம் லேன்காரன் அவ்வளவு முன்னால் நிற்பான். மூன்றாம் லேன்காரன் அதில் இரண்டு மடங்கு, நான்காம் லேன்காரன் மூன்று மடங்கு. "ட்ராக் பெருசா சிறுசாங்கிறதே இந்தக் கணக்குல இல்ல பாத்தியா? பெரிய மைதானத்துல இப்படிக் கோடு போட்டு ஓடினாலும் இதேதான், நம்ம மாட்டுக்கொட்டகை ஓரத்துல ஓடினாலும் இதேதான்" என்பார். கணக்குப் பாடத்தில் தவறிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்தக் கேள்வியைப் பரீட்சையில் விட்டதில்லை. பெரிய பள்ளிகளில் ட்ராக்கை யாரோ போட்டு வைத்திருப்பார்கள், பிள்ளைகள் வந்து ஓடிவிட்டுப் போவார்கள். தான் ஓடப்போகும் கோட்டைத் தானே அளந்து போட்ட பிள்ளைக்கு அந்தக் கோட்டின் மேல் வேறொரு மரியாதை வரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேசவே கூடாது. எங்கள் பள்ளியில் கோ-கோ அணி என்றால் அது பெண்கள் அணிதான். என் அக்காவை அதில் சேர்க்க வீட்டில் ஒப்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் சிஸ்டர் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, அப்பாயி (அப்பாவின் அம்மா) கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"வயசுக்கு வந்த புள்ளைய கால்சட்டை மாட்டி ஓட விடுவீங்களா சிஸ்டர்?" என்று அப்பாயி கேட்டது.

"முழு பேண்ட்டு போட்டுத்தான் ஓடுவா அப்பாயி. கூட்டிட்டுப் போறதும் நான்தான், இருட்டறதுக்குள்ள கொண்டாந்து விடுறதும் நான்தான்."

சொன்னபடி செய்தார். ஒரு வீட்டுக்கு இல்லை, அணியில் இருந்த எல்லா வீட்டுக்கும். பயிற்சி முடிந்து ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெல்லமும் கொடுத்து, தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு பிள்ளையாக வீட்டில் விட்டுவிட்டு மடத்துக்குத் திரும்புவார். அந்த அணி மாவட்டப் போட்டிக்குத் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போன காலையில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தது அதே அப்பாயிதான். அரசுத் திட்டமோ பரிசுத் தொகையோ செய்ய முடியாத ஒன்றை ஒரு சிஸ்டரின் நடை செய்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் கோயில் அந்தோணியார் கோயில், திருநாள் ஜூன் 13. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளி திறந்த சூடும், திருவிழாவும், ஆற்றில் தண்ணீர் வரப்போகிற சந்தோஷமும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும். திருவிழாவை ஒட்டி மின்விளக்குக் கட்டி கபடி டோர்னமென்ட் நடக்கும். பழைய மாணவர்கள் சிங்கப்பூர், திருப்பூர் என்று எங்கிருந்தாலும் லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் ஆட்டம் எப்போதும் பழைய மாணவர்களுக்கும் பத்தாம் வகுப்புக்கும்தான். பெரியவர்கள் விட்டுக்கொடுத்து ஆடமாட்டார்கள், அதுதான் அந்த ஆட்டத்தின் மரியாதை. அப்புறம் வெளியூர் அணிகள் இறங்கும். வடுவூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்கள் வந்தால் எங்களுக்குத் தோல்வி நிச்சயம். கபடிக்கென்றே பெயர் வாங்கிய ஊர் அது. 30 விநாடி ரெய்டில் முதல் 20 விநாடி சும்மா காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே உதையில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அதைக் களத்துக்குள் நின்று, நம் மேல் நடக்கும்போது பார்த்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

ஜூலை பிறந்து ஆற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் மாலைப் பயிற்சி மதகில் முடியும். எதிர்நீச்சல் அடித்த தொடைக்குத் தனிப் பயிற்சி வேண்டாம் என்பார் சார்.

குறைகளையும் சொல்லவேண்டும். இப்போது பெரிய கபடிப் போட்டிகள் ‘மேட்’ என்கிற செயற்கை விரிப்பின் மேல் நடக்கின்றன. மண்ணில் மட்டும் ஆடிப் பழகிய பிள்ளைக்கு அங்கே கால் பிடிமானம் பிடிபடச் சில நாள் ஆகும். ஸ்பைக் ஷூ கிடைக்காது, வெறுங்காலில்தான் ஓடுவார்கள். ஓட்டத்துக்கென்று தனிக் கோச் இருக்கமாட்டார். பத்தாவதுக்குப் பிறகு எப்படியும் பள்ளி மாறியாக வேண்டும். ஆனால் உங்கள் மகனுக்கு உண்மையிலேயே வேகம் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடத்துகிறார்கள். சின்னப் பள்ளி பி.டி. ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை எவ்வளவு ஓடுவான் என்பது கைரேகை மாதிரி தெரியும். தன் செலவிலேயே பஸ் ஏற்றிக் கூட்டிப்போன ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டிச் சான்றிதழ்களை ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாநில, தேசிய அளவுக்குப் போனால்தான் அதெல்லாம் பயன்படும் என்றாலும், குறுவட்டம் தாண்டாமல் மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை.

இந்தப் பள்ளிகளுக்கு இன்றைக்குள்ள பெரிய ஆபத்து, பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவது. காலையில் ஊருக்குள் மஞ்சள் வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. 12 பேர் சேராமல் போனால் கபடி அணியே கிடையாது. உங்கள் மகன் ஒருவன் சேர்ந்தால் அங்கே ஓர் அணி முழுமை பெறலாம். டவுன் பள்ளியில் அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பி.டி. ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஓய்வு பெற்றவர் இடம் காலியாகவே கிடப்பதுண்டு. சில இடங்களில் நிர்வாகமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும். பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்பதை ஹெச்.எம்.மிடம் கேட்காதீர்கள், அங்கே விளையாடும் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளும் களத்தில் இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடலாம்.

ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்தப் பக்கம் எங்கள் செட்டுக்காரர்கள் யாராவது இருப்பார்கள். அந்தப் பள்ளியில் இப்போது பி.டி. ஆசிரியர் யார், எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன்.