பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள்!

கேள்வி: பயிற்சி வகுப்புகளுக்குப் பதிவு செய்ய ஒரு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறேன். என் லேப்டாப்பிலும் போனிலும் நன்றாக ஓடுகிறது. ஆனால் சிலருக்கு வெறும் வெள்ளைத் திரைதான் வருகிறதாம். சிலருக்குப் படிவம் வருகிறது, ‘பதிவு செய்’ பட்டன் மட்டும் வேலை செய்வதில்லை. ‘பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்’ என்று ஒரு அறிவிப்பு போட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்த அறிவிப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல், சுருக்கமாக ஸ்கிரிப்ட்) வைத்துத்தான் காட்டுவீர்கள் என்றால், யாருக்கு அது தேவையோ அவர் கண்ணில் படாது. ஸ்கிரிப்ட் இல்லாதபோது காட்டுவதற்கென்றே உள்ள நோஸ்கிரிப்ட் டேகில் போட்டாலும் பயனில்லை. ஸ்கிரிப்டை அணைத்து வைத்தவருக்கும் அந்த வசதியே இல்லாத பிரவுசர் வைத்திருப்பவருக்கும் மட்டுமே அது தெரியும். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் எதையும் அணைத்தவர்கள் அல்ல. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் 2013இல் கணக்கெடுத்தபோது, 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதை அணைத்திருந்தவர்களும் அந்த வசதியே இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 சதவீதம்தான். மற்றவர்களுக்கு நெட் பாதியில் அறுந்திருக்கலாம், அலுவலக நெட்வொர்க் ஃபைலைத் தடுத்திருக்கலாம், பிரவுசரில் சேர்த்த ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் குறுக்கே வந்திருக்கலாம்.

வெள்ளைத் திரைக்கு வருவோம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் தெரியாத வரி வந்தால் பிரவுசர் அதை மட்டும் தாண்டிப் போய்விடும். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் தெரியாத டேக் வந்தாலும் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. பழைய பிரவுசருக்குப் புரியாத ஒரே ஒரு புது குறியீடு இருந்தாலும் அந்த ஃபைலில் ஒரு வரிகூட ஓடாது. பக்கம் முழுவதையும் ஸ்கிரிப்டே வரைகிறது என்றால் மிஞ்சுவது வெள்ளைதான். ஆகவே வகுப்பு விவரமும் படிவமும் சர்வரிலிருந்தே எச்டிஎம்எல்லாக வரட்டும்.

அடுத்தது பட்டன். அது நிஜமான சப்மிட் பட்டன்தானா, அல்லது பட்டன் மாதிரி அலங்கரித்த டிவ்வா (வெறும் பெட்டியா) என்று முதலில் பாருங்கள். படிவத்தில் ஆக்‌ஷன் முகவரி (தகவல் போய்ச் சேர வேண்டிய இடம்) இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேம் (பெயர்) இருக்க வேண்டும், வந்த தகவலை சர்வர் தானே சரிபார்த்துப் பதில் பக்கம் அனுப்ப வேண்டும். இவ்வளவு இருந்தால் ஸ்கிரிப்ட் இல்லாமலே பதிவு நடந்துவிடும். பிறகு, பக்கம் மாறாமல் அனுப்பும் சொகுசை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: சப்மிட் ஆனதும் முதல் வரியிலேயே பிரிவென்ட் டிஃபால்ட் போட்டுவிடுகிறார்கள். பிரவுசர் தானே படிவத்தை அனுப்புவதை அது நிறுத்திவிடும். அடுத்த வரியில் பிழை வந்தால் படிவம் அங்கேயே செத்துவிடும். ஃபெட்ச் (பக்கம் மாறாமல் தகவல் அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து, தகவலைத் திரட்டி முடித்த பிறகே பிரிவென்ட் டிஃபால்ட்டைப் போடுங்கள். ஃபெட்ச் தோற்றால் படிவத்தை வழக்கமான வழியில் அனுப்பலாம். ஆனால் முதல் முறையே சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, ஒவ்வொரு படிவத்திலும் அதற்கே உரிய ஒரு மறைவு எண் வைத்து சர்வரில் ஒப்பிடுங்கள்.

பிறந்த தேதி கேட்கிறீர்களா? டேட் வகைக் கட்டம் தெரியாத பிரவுசர் அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டும். மேக் கணினியின் சஃபாரிக்கே இந்த வசதி 2021இல்தான் வந்தது. எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வரி போதும்.

பிரவுசரின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியிலேயே மொசில்லா, சஃபாரி இரண்டும் இருக்கும்! ‘இந்த வசதி உண்டா?’ என்று நேரே கேளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் சப்போர்ட்ஸ் விதி அதற்குத்தான். பிரவுசரிலேயே தகவலைச் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் மட்டும் கொஞ்சம் வம்பு. குக்கியைத் தடுத்தவரிடம் அதைத் தொட்டாலே பிழை வரலாம், அதனால் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ட்ரை-கேட்ச்சுக்குள் வையுங்கள்.

காலி இடங்கள் நொடிக்கு நொடி மாறுவது போன்றவை ஸ்கிரிப்ட் இல்லாமல் வராது, வராவிட்டால் பரவாயில்லை. பக்கம் திறந்தபோது இருந்த எண்ணிக்கை தெரிந்தால் சரி.

திருத்தியபின் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு நீங்களே ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். பிறகு அதை இயக்கி, ஸ்கிரிப்ட் ஃபைலை மட்டும் தடுத்து இன்னொன்று போடுங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.