நாவல் போட நாற்பதாயிரமா?

கேள்வி: நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த என் ஆச்சியின் வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். போனிலேயே டைப் செய்தேன், 210 பக்கம் வருகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் தேர்வாகிவிட்டது என்றார்கள். 40,000 ரூபாய் கட்டினால் புத்தகம் போட்டு ராயல்டியும் தருவார்களாம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாக 3,000 வேண்டுமாம். அப்பா முன்பணம் 5,000 கட்டிவிட்டார். அமெரிக்காவில் ஒரு பையனுக்குப் பெற்றோரே புத்தகம் போட்டு அவன் உலகப் புகழ் பெற்றதை அவர் எங்கோ படித்திருக்கிறார். தமிழ் டீச்சரோ, "முதலில் ப்ளஸ் டூ முடி" என்கிறார். நான் என்ன செய்ய? முதல் இரண்டு அத்தியாயங்களையும் அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத் தாளையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: அன்பு மகளே, மீதி 35,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். இந்த வரியை அப்பாவிடம் காட்டிவிட்டு மற்றதைப் படி.

அந்த நிறுவனம் செய்வது சட்டவிரோதம் இல்லை. ஆனால் அதைப் பதிப்பகம் என்று சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தரும் கடை அது. பதிப்பகம் என்றால் முதலீடு அவர்களுடையது, நஷ்டம் வந்தாலும் அவர்களுடையது. அதனால்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், திருத்துவார்கள், விற்கவும் அலைவார்கள். உன் 40,000 கைக்கு வந்துவிட்டால் இவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு? 210 பக்கத்தை இரண்டு நாளில் யார் உட்கார்ந்து படித்தார்கள் என்றும் கேட்டுப் பார்.

ராயல்டி கணக்கையும் போட்டுவிடுவோம். தமிழில் எழுத்தாளருக்குப் பொதுவாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் கிடைக்கும். விலை 250 ரூபாய், விற்றது 300 பிரதி என்று வைத்துக்கொள். வருவது 7,500 ரூபாய். தமிழில் புதியவர் ஒருவரின் முதல் நாவல் 300 விற்பதே நல்ல செய்தி. போட்ட பணம் எப்படித் திரும்பும்? "நூலக ஆணை வாங்கித் தருகிறோம்", அதாவது அரசு நூலகங்களை உன் புத்தகத்தை வாங்க வைக்கிறோம் என்பார்கள். நூலகத் துறை எந்தப் புத்தகத்தை எடுக்கும் என்று யாராலும் முன்கூட்டி உறுதி தர முடியாது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாக 3,000 கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இந்தியாவில் அந்த எண் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை தருகிறது.

அப்பா சொன்ன கதை உண்மைதான். கிறிஸ்டோபர் பயோலினி என்ற அந்தப் பையனின் நாவலை 2002இல் பெற்றோரே வெளியிட்டார்கள், அடுத்த வருடமே பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. நடுவில் நடந்ததுதான் முக்கியம். பெற்றோர் எந்த இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கும் பணம் கட்டவில்லை, பதிப்பு வேலையைத் தாங்களே செய்தார்கள். பையன் இடைக்கால உடை போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசி விற்றான். அப்பாவுக்கு அப்படி ஆசை இருந்தால் உங்கள் ஊர் அச்சகத்திலேயே நூறு பிரதிக்கு விலை கேட்கட்டும். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இனி ஒப்பந்தம். உனக்கு 16 வயது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் போடும் கையெழுத்து செல்லாது, அதனால் அப்பாதான் காப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். காப்புரிமைக்கு, அதாவது காப்பிரைட்டுக்கு, வயது கிடையாது. நீ எழுதி முடித்த அன்றே அது உன்னுடையது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அவர்கள் அனுப்பிய தாளில் ஏழாவது ஷரத்தைப் படி: 'எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், காப்புரிமைக் காலம் முழுவதும்.' நம் நாட்டில் காப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் நீடிக்கும். நீ எண்பது வயது வரை இருந்தால் இன்றிலிருந்து 124 வருடத்துக்கு உன் ஆச்சி கதை அவர்கள் கையில். சினிமா, வெப் சீரிஸ், ஒலிநூல் எல்லாம் அதில் அடக்கம். எந்த உரிமை, எத்தனை வருடம், ராயல்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதாத தாளில் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது. நல்ல பதிப்பகம் தரும் தாளுக்கும் இது பொருந்தும்.

சரி, நாவலுக்கு வருவோம். இரண்டு அத்தியாயத்தையும் படித்தேன். முதல் ஆறு பக்கம் சூரியன் உதிக்கிறது, கோவில்பட்டி வரலாறு வருகிறது, ஆச்சி வரவே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கூலி நாளன்று கணக்குப்பிள்ளை இரண்டு குரோசை (ஒரு குரோஸ் 144 பெட்டி) குறைத்து எழுத, ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் விரலில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டே நிற்கிறாளே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாவல் அங்கே தொடங்கட்டும். முதல் அத்தியாயத்தைத் தூக்கிவிடு, அழுகை வந்தாலும் பரவாயில்லை. ஆச்சியின் பேச்சு நன்றாக இருக்கிறது. தாத்தா மட்டும் சினிமாவில் வரும் நெல்லைத் தமிழ் பேசுகிறார், உங்கள் வீட்டில் பேசுவதுபோல் மாற்று. போனில் அடித்ததால் ல, ள, ழ எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒற்றுப் பிழைகளுக்குத் தமிழ் டீச்சரையே பிடி. நாவல் எதற்கு என்று கேட்டவர், சிவப்பு மை கேட்டால் மறுக்க மாட்டார்.

டீச்சர் சொல்வதில் பாதி சரி. அவசரம் இல்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தச் சொன்னால் கேட்காதே. கூலி நாள் காட்சியைத் தனிச் சிறுகதையாக்கி ஒரு இதழுக்கு அனுப்பு. வெளிவந்தால், பதிப்பாளருக்கு எழுதும்போது உன் அறிமுகத்தில் சேர்க்க ஒரு வரி கிடைக்கும்.

தமிழில் முகவர் யாரும் தேவையில்லை, பதிப்பகத்துக்கு நேராகவே எழுதலாம். முதலில் நூலகத்தில் உன் நாவலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய புத்தகங்களை எடுத்து, அவற்றைப் போட்டது யார் என்று பார். யுனிகோடில் மூன்று அத்தியாயம், ஒரு பக்கத்தில் முழுக்கதை, அதாவது முடிவையும் சேர்த்து, நாலு வரியில் நீ யார் என்பது, இவற்றை அனுப்பு. வயதை மறைக்க வேண்டாம், முதல் வரியில் போடவும் வேண்டாம். நவம்பர், டிசம்பரில் அனுப்பாதே. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காக எல்லோரும் அச்சகத்தில் கிடப்பார்கள். பிப்ரவரிக்கு மேல் அனுப்பு, சில மாதம் பதில் வராது, அது வழக்கம்தான். அப்புறம், நடுவில் ஆசைப்பட்டு அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் ஏற்றிவிடாதே. அப்பா கணக்கில் ஏற்றலாம்தான். ஆனால் வெளிவராத படைப்பு கேட்கும் போட்டிகள் உனக்கு மூடிப்போகும்.

அந்த 5,000 பற்றி: அப்பா இன்றே மின்னஞ்சலில், "ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள், என் மகளின் நாவலை எந்த வடிவிலும் வெளியிட உங்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதட்டும். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். பணம் கட்டிய ரசீதின் படத்தையும் இணைக்கச் சொல்.