கதிர்வீச்சுக்குப் பின் வந்த ஃபிஸ்டுலாவை ஏன் உடனே தைப்பதில்லை?

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த அப்பாவுக்குச் சிறுநீரோடு காற்றும் மலத்துணுக்கும் வருகிறது, கொலோஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் நடுவே விழுந்த இந்த ஓட்டைதான் ஃபிஸ்டுலா. அந்தக் காத்திருப்பு வீண் இல்லை.

கதிர்வீச்சு பட்ட திசுவில் நுண்ரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கும். ஓட்டையின் விளிம்புகளை மட்டும் இழுத்துத் தைத்தால் தையல் பிரிந்துவிடும். அடுத்த முயற்சி இன்னும் கடினமாகும். அதனால் மலத்தைக் கொலோஸ்டமி வழியாகவும் சிறுநீரை அடிவயிற்றுக் குழாய் வழியாகவும் திருப்பி, பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் சீழும் வீக்கமும் வடிய விடுவார்கள். இதனால் மட்டும் ஓட்டை தானாக மூடுவது அரிது.

பிறகு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே திறந்து, மலக்குடலையும் சிறுநீர்ப்பாதையையும் பிரித்துத் தனித்தனியாக மூடுவார்கள். சிறுநீர்ப்பாதையில் இடைவெளி பெரிதென்றால் கன்னத்தின் உட்சவ்வை ஒட்டுவார்கள். உள்தொடையின் கிராசிலிஸ் தசையை அதன் ரத்த ஓட்டத்தோடு திருப்பி நடுவில் வைப்பதுதான் உயிர்நாடி. புது ரத்தம் அங்கிருந்துதான் வரும். இதைச் செய்து பழகிய மறுசீரமைப்பு யூராலஜிஸ்ட்டையே தேடுங்கள்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை: பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, ஓட்டை விளிம்பில் புற்றுநோய் மிச்சமா, சிறுநீர்ப்பை சுருங்கியிருக்கிறதா, எம்ஆர்ஐயில் இடுப்பெலும்பில் தொற்று தெரிகிறதா. பை சுருங்கி எலும்பும் கெட்டிருந்தால், சிறுநீரை நிரந்தரமாகத் திருப்பிவிடுவதே அவருக்கு நிம்மதி தரலாம்.

அறுவைக்குப் பின் சிறுநீர் வடியப் போட்ட குழாய் சில வாரம் இருக்கும். சாயம் செலுத்திய எக்ஸ்ரேயில் கசிவில்லை என்று உறுதியான பிறகே கொலோஸ்டமியை மூட வேண்டும். சிறுநீர்க் கட்டுப்பாடு குறையலாம், அதற்குப் பின்னாளில் செயற்கை வால்வு வைக்கலாம். குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.